புளியந்தோப்பு வளைவுக்கு ஒரு கை

"உன் வேலை கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான், மற்றதில் தலையிடாதே" என்று இருளம்மாளிடம் வந்து சொன்னவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. சொன்னது கட்டின புருஷனாக இருந்தாலும் சரி, தொப்பி போட்ட ரயில்வே இன்ஸ்பெக்டராக இருந்தாலும் சரி, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். "அப்ப தலையக் கழத்தி வீட்டுல வச்சிட்டுத்தான் வேலைக்கு வரணுமா?" என்று கேட்டுவிட்டு, கொடியை உதறிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றுவிடுவாள்.

ராஜபாளையம் ஸ்டேஷனுக்குத் தெற்கே, சோழபுரத்து வண்டிப் பாதை தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் இருந்தது அவளுடைய கேட். ரயில் வந்து இன்னும் பத்து வருஷம்கூட ஆகாத காலம் அது. புருஷன் சின்னக்கருப்பன் தண்டவாளத்துக்கு ஜல்லி இடித்துக் கட்டை மாற்றுகிற கேங்கில் இருந்தான். கேங்காரன் பெண்டாட்டி பேரில் கேட்டைக் கொடுத்து, பக்கத்திலேயே ஓர் அறை வீடும் கொடுப்பது ரயில் கம்பெனியின் வழக்கம். சின்ன வீடுதான், ஆனால் செங்கல் வீடு. கல்யாணமானது முதல் மைத்துனன் சிவனாண்டி வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டின தாழ்வாரத்தில் ஒழுகலுக்குச் சட்டி வைத்தே காலம் தள்ளியவளுக்கு அது அரண்மனை. மழை பெய்கிற நாளில் சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு சொட்டு வரட்டும் பாப்போம்" என்று கூரையைப் பார்த்து வம்புக்கு இழுப்பாள்.

அந்த இடத்தின் கோளாறு என்னவென்றால், தென்காசிப் பக்கமிருந்து வருகிற ரயில் அவள் கேட்டைத் தாண்டியதும் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு வளையும். வளைவின் உள்பக்கம் முழுக்கப் புளியந்தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில்தான் ஸ்டேஷனின் முதல் சிக்னல், அவுட்டர். அதன் கை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் நில். கீழே சாய்ந்திருந்தால் வா. சுலபமான கணக்குதான். ஆனால் டிரைவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டுமே! மாட்டு வண்டி என்றால் கயிற்றைச் சுண்டினால் நின்றுவிடும். ரயில் அப்படியா? பிரேக் போட்ட பிறகும் பாரத்தின் வேகத்தில் ஒரு தோப்பு தூரம் ஓடித்தான் நிற்கும். தோப்பைத் தாண்டி அவுட்டரைப் பார்த்துவிட்டுப் பிரேக் போடுகிறவன் அதற்கு அந்தப் பக்கம் போய்த்தான் நிற்க முடியும்.

இதற்கென்றே ரயில்காரர்கள் டிஸ்டன்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மீன் வால் போல நுனி வெட்டின கை. அவுட்டருக்கு ரொம்ப முன்னாலேயே நிற்கும். அது நீட்டிக்கொண்டிருந்தால், 'நிற்க வேண்டாம், ஆனால் அடுத்த சிக்னல் மறித்திருக்கிறது, இப்போதே வேகத்தைக் குறை' என்று அர்த்தம். சாய்ந்திருந்தால் பயமில்லாமல் வரலாம். ஸ்டேஷனுக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அப்படி ஒன்று இருந்தது. அங்கே வெட்டவெளி; அவுட்டரே வெகு தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும். தெரிகிற இடத்தில் இரண்டு கம்பம், தெரியாத இடத்தில் ஒன்று! கேட்டால், தெற்கே ஓடுவது நாலு வண்டிதானே என்பார்கள். நாலு வண்டியில் வருகிறவன் மனுஷன் இல்லையா?

ஒருநாள் உச்சி வெயிலில் பாசஞ்சர் கேட்டைத் தாண்டிப் போன கொஞ்ச நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து இரும்பு கதறுகிற சத்தம் கேட்டது. இருளம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். வண்டி அவுட்டரைத் தாண்டி நின்றிருந்தது. முன்னால், நாலெட்டு வைத்தால் தொட்டுவிடுகிற தூரத்தில், பஞ்சுப் பொதி ஏற்றின வேகன்கள். டிரைவர் ஏசுவடியான் கீழே இறங்கி ஜல்லி மேல் உட்கார்ந்திருந்தார்.

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் சொன்னார்: "எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க்கா இருக்கு. புளியமரத்துக்குள்ள ஊடுருவிப் பாக்கதுக்கு நான் என்ன வானத்துச் சம்மனசா? அந்தக் கையப் பாக்கப்போ அது என் தலைக்கு மேல நிக்கி."

"எங்க கேட்டு மேட்டுல நின்னா கண்மாய்த் தண்ணிக்கு மேல அது சுத்தமாத் தெரியுதே டிரைவரய்யா!"

"ஒங்களுக்குத் தெரிஞ்சி என்ன புண்ணியம்?" என்றார் அவர் சலிப்போடு.

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் பாசஞ்சர் வருகிற நேரத்துக்கு மேட்டில் ஏறி நின்றாள். இடது கையில் வழக்கம்போலப் பச்சைக் கொடி. கேட் மூடியிருக்கிறது என்பதற்கு அது. வலது கையை, அவுட்டர் எப்படி நீட்டிக்கொண்டிருந்ததோ அப்படியே, தோளுக்கு நேராக விறைப்பாக நீட்டினாள். தூரத்தில் வந்துகொண்டிருந்த ஏசுவடியான் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு புரிந்துவிட்டது. வண்டி மெதுவானது, நடை வேகத்தில் கேட்டைத் தாண்டியது, அவுட்டருக்கு முன்னால் சாதுவாகப் போய் நின்றது. சாயங்காலம் அவுட்டர் சாய்ந்திருந்தது. அவளும் கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். வண்டி ஒரு விசில் கொடுத்துவிட்டுப் பறந்தது.

அன்றைக்குப் பிடித்த வழக்கம் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஏசுவடியான் மற்ற டிரைவர்களுக்குச் சொல்ல, எல்லாரும் புளியந்தோப்பு வளைவுக்கு முன்னால் எட்டிப் பார்த்து அந்தக் கையைத் தேட ஆரம்பித்தார்கள். இருளம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. மலைபோல வருகிற இன்ஜின் தன் கைக்குக் கட்டுப்பட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகிறது என்றால் சும்மாவா?

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி வந்து சேர்ந்தார்.

நாலு பேர் தண்டவாளத்தில் தள்ளிவர, டிராலி வண்டியில் உட்கார்ந்து வந்தார். நியாயஸ்தர் என்று பேர். ஆனால் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த சட்டத்துக்கு மேல் ஒரு எழுத்து பேசமாட்டார். அவர் வந்த நேரம் பாசஞ்சர் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. இருளம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏம்மா, காக்கா வெரட்டுதியா?"

"இல்லைங்கய்யா. அவுட்டர் மறிச்சிருக்கு. டிரைவருக்குச் சொல்லுதேன்."

"சொல்ல நீ யாரு?"

"பாக்கிறவ."

வேதசிரோமணி டிராலியை விட்டு இறங்கினார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கொஞ்சம் திக்கென்றது. கோபப்படுகிறவனிடம் பதிலுக்குக் கத்தலாம். இப்படி நிதானமாக இறங்கி வருகிறவனிடம் என்ன செய்வது?

"அந்த அவுட்டரைப் பாரு," என்றார். "ஸ்டேஷன்ல இருந்து ஒரு கம்பி வந்து அதைக் கீழ இழுக்குது. கம்பி இழுத்தாத்தான் அது சாயும். கம்பி அறுந்துபோச்சுன்னு வையி, என்ன ஆகும்?"

"கீழ விழுந்திரும்."

"விழாது. பின்னால பாரம் தொங்குது. கம்பி அறுந்தா பாரம் கீழ இறங்கி, கை தன்னால மேல போயி நேரா நின்னுக்கிடும். எது கெட்டாலும் 'நில்லு'ன்னு சொல்லித்தான் கெடும். அப்படிச் செஞ்சிருக்கான். இப்ப ஒன் கையி? எங்க, நீட்டு பாப்போம்."

அவள் நீட்டினாள்.

"இறக்கச் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது."

"நாளைக்கு வரைக்கும் நிக்கேன்," என்றாள் இருளம்மாள்.

அவர் டிராலியில் உட்கார்ந்துகொண்டார். சோழபுரம் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். கேங்காரர்களோடு சின்னக்கருப்பனும் வந்து, மண்வெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமலிருக்கவும் முடியாமல் நின்றான். வெயில் நெற்றியில் அடித்தது. தோள் எரிந்தது, பிறகு மரத்துப்போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளை, கண்மாயில் தண்ணீர் எந்த மாதம் வற்றும் என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் வீம்பாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். குரல் கொஞ்சம்கூடத் தளரவில்லை.

"போதும்," என்றார் அவர். "இப்ப ஒன் கையப் பாரு."

பார்த்தாள். கை இடுப்புக்கு வந்திருந்தது.

அவள் இறக்கவில்லை. சத்தியமாக இறக்கவில்லை. நேராக நீட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரன் ஒருவன் சிரித்தான். சின்னக்கருப்பன் அவனை முறைத்தான்.

"நீ இறக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றார் வேதசிரோமணி. "அது தன்னால இறங்கிருச்சு. ஒனக்கே தெரியல. ஒனக்கு மயக்கம் வருது, தேள் கொட்டுது, கையி கீழ வந்திருது. டிரைவர் அதைப் பாத்து என்ன நினைப்பான்? வழி விட்டாச்சுன்னு நினைப்பான். ஒன் கை கெட்டா 'வா'ன்னு சொல்லித்தான் கெடும், இருளம்மா. அதுக்கு ஒரு கையும் இல்லாமலே இருக்கலாம்."

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். அவர் சொன்னது நிஜம். அதுதான் பொறுக்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிங்கய்யா. எங்கையி தளரும். ஒத்துக்கிடுதேன். அப்ப தளராத கையி ஒண்ணக் கொண்டாந்து இந்த மேட்டுல நடுங்க."

"அதுக்குப் பேரு ரிப்பீட்டர். கண்ணுக்கு மறைஞ்ச சிக்னல் என்ன காட்டுதோ அதையே முன்னால நின்னு காட்டுத கம்பம். அது நீட்டிருந்தா வேகத்தைக் கொறச்சுக்கிட்டுப் போகணும், சாஞ்சிருந்தா தைரியமாப் போகலாம். நானும் மேல எழுதிப்போட்டாச்சு. முடியாதுன்னுட்டாங்க." அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இனிமே நீ கையத் தூக்கினாலும் ஒன் கையப் பாத்து டிரைவர் ஓட்டினாலும் சீட்டுக் கிழிஞ்சிரும். கேட்டும் போகும், வீடும் போகும்."

டிராலி போய்விட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் சின்னக்கருப்பன் கேட்டடியில் வந்து உட்கார்ந்தான்.

"ஏட்டி, நமக்கு எதுக்கு இந்த வம்பு? இனிமே கையத் தூக்காத."

"தூக்க மாட்டேன்."

இத்தனை சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சந்தேகத்தோடு அவள் முகத்தைப் பார்த்தான். "நெசமாவா?"

"அவரு சொன்னது வாஸ்தவம். எங்கைய நம்பி ஒரு வண்டிச் சனத்த நான் விட முடியாது. அதுக்காக அந்த வண்டி குருட்டுத்தனமா உள்ள போறதப் பாத்துக்கிட்டும் நிக்க முடியாது. கேட்டு தொறந்திருந்தா ரயிலுக்கு என்ன கொடி காட்டணும்?"

"செகப்பு."

"அதத்தான் செய்யப்போறேன்," என்றாள் இருளம்மாள்.

சொன்னபடியே செய்தாள். அவுட்டர் சாய்ந்திருந்தால் அவள் கேட் முன்கூட்டியே மூடியிருக்கும், பச்சைக் கொடி ஆடும். அவுட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் கேட் ஆவென்று திறந்து கிடக்கும். நடுவில் சிவப்புக் கொடியோடு அவள் நிற்பாள். ரயில் முக்கி முனகிக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகு, அவள் நிதானமாகக் கேட்டை மூடிப் பச்சையைக் காட்டுவாள். நின்ற வண்டி கிளம்பி வளைவுக்குள் வேகம் பிடிக்க முடியாது. ஊர்ந்து போய் அவுட்டரில் நிற்கும். டிரைவர்கள் வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பெட்டியில் வருகிற கார்டுகள்தான் கோபத்தில் குதித்தார்கள். ஏன் கேட்டை மூடவில்லை என்று கேட்டால், மாடு படுத்துவிட்டது, அச்சு முறிந்துவிட்டது என்றெல்லாம் அவள் சாக்குச் சொல்லவில்லை. "தொறந்திருக்கு. தொறந்திருந்தா செகப்பு. ஒங்க சட்டந்தான்," என்பாள். தினமும் வண்டி தாமதம். ராஜபாளையம் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மேலிடத்திலிருந்து அர்ச்சனை விழுந்தது.

இந்த நிலைமையில் ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். தேர் வடம் பிடிப்பதற்காகத் தெற்கத்திச் சனம் மொத்தமும் கிளம்பி வருகிற நாள். கூட்டத்துக்கென்று கம்பெனி ஒரு ஸ்பெஷல் விட்டது. அது ஒரு நிமிஷம் தாமதமானாலும் தலை உருளும் என்று பயந்த ஸ்டேஷன் மாஸ்டர், தண்டவாளத்தைத் திருப்பிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் பால்ச்சாமியைக் கேட்டுக்கு அனுப்பிவைத்தார். பால்ச்சாமி வந்ததும் வராததுமாகக் கேட்டை இழுத்து மூடி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, பச்சைக் கொடியை விரித்தான்.

"இன்னைக்கு ஒங்க பாச்சா பலிக்காது மதினி. பேசாம உள்ள போயி அடுப்பப் பாருங்க."

"அவுட்டர் மறிச்சிருக்குலே. கண்ணத் தொறந்து பாரு."

"வேகன ஒதுக்கிக்கிட்டு இருக்காக. ஸ்பெஷல் வரதுக்குள்ள இறங்கிரும்."

தெற்கே புகை தெரிந்தது. அவள் மேட்டில் ஏறிக் கண்மாய்க்கு அப்பால் பார்த்தாள். கை இறங்கவில்லை. விசில் கேட்டது. மறுபடியும் பார்த்தாள். கை அப்படியே நேராக நின்றிருந்தது. வண்டி வாசல்களில் தொங்குகிற தலைகள், கூரை மேல் உட்கார்ந்திருக்கிற பயல்கள், வெள்ளை வேட்டிகள், மஞ்சள் சேலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வண்டி நெருங்கிவிட்டது. பால்ச்சாமியின் பச்சைக் கொடியைப் பார்த்துவிட்டு அது முழு வேகத்தில் வந்தது.

இருளம்மாள் மேட்டிலிருந்து குதித்து இறங்கி, தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்று, சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் மார்புக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"ஏ பாவி! கேட்டு மூடியாச்சு! வெளிய வாங்க!" என்று பால்ச்சாமி அலறினான்.

"கேட்ட மூடிட்ட. என்னைய எப்படிலே மூடுவ?"

பயம் இல்லை என்று சொன்னால் பொய். தண்டவாளம் காலடியில் அதிர்ந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் ஓடிவிடுவோம் என்று தெரியும். இன்ஜினில் இருந்தது ஏசுவடியான்தான். ஓரத்தில் பச்சை, நடுவில் சிவப்பு. ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் சிவப்பும் தெரிந்தால் எந்த டிரைவருக்கும் சிவப்புதான் கணக்கு. பிரேக் கதறியது. கூரை மேல் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இன்ஜின் அவளுக்கு முன்னால் வந்து நின்றபோது அதன் சூடு முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

பிறகு விழுந்த வசவு இருக்கிறதே! வண்டியே வாயாக மாறித் திட்டியது. தேர் கிளம்பிவிடுமே என்ற ஆத்திரம் அவர்களுக்கு. "பேய் பிடிச்ச முண்டை" என்றார்கள். "கட்டையில போறவ" என்றார்கள். மூன்றாவது பெட்டியிலிருந்து மைத்துனன் சிவனாண்டியின் பெண்டாட்டி வெள்ளத்தாய் தலையை நீட்டி, "ஏட்டி இருளி, நீதானா? ஒறவுக்காரின்னு வெளிய சொல்ல முடியலயே! ஆண்டாளு ஒன்னையச் சும்மா விடமாட்டா" என்று கத்தினாள்.

"விடாட்டாப் போறா! நீங்க உசுரோட போயி அவகிட்டச் சொல்லுங்க!" என்று இவளும் திருப்பிக் கத்தினாள்.

ஏசுவடியான் இன்ஜினிலிருந்து எட்டிப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்: "மறிச்சிருக்கா?"

"மறிச்சிருக்கு."

"வெலகிக்கிடுங்க்கா. உருட்டிக்கிட்டுப் போறேன்."

அவள் விலகினாள். வண்டி ஊர்ந்து போய் வளைவுக்குள் மறைந்தது. அவுட்டருக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. அதே தண்டவாளத்தில், கொஞ்சம் தள்ளி, பஞ்சு வேகன்களை இன்னொரு இன்ஜின் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தது ஏசுவடியானும் கரி தள்ளுகிறவனும் மட்டும்தான். பெட்டிக்குள் இருந்தவர்களுக்குப் புளியமரம்தான் தெரிந்தது. அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது தேர் தெற்கு ரதவீதி திரும்பியிருந்தது. ஒரு கிறுக்கி ரயிலை மறித்துத் தேரைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாள் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. நடக்காமல் போன விபத்துக்கு யார் நன்றி சொல்லுவார்கள்?

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். வேதசிரோமணி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சின்னக்கருப்பனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்தார்.

"மூடின கேட்டுக்கு முன்னால நின்னு ஸ்பெஷலை மறிச்சிருக்க. தெரியாமச் செஞ்சிட்டேன், இனிமே செய்யமாட்டேன்னு கைநாட்டு வையி. ஒனக்காக நான் பேசிப் பாக்கேன்."

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"வீடு போயிரும், இருளம்மா."

அவளுக்கு அந்தச் செங்கல் சுவர் ஒரு தடவை கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. ஆனாலும் கேட்டாள்: "கம்பம் ஏன் வராதுன்னாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

வேதசிரோமணி மேஜை மேல் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "கேட்டா வருத்தப்படுவ. அந்த வளைவுல ஒரு வருஷத்துக்கு மேல ஒரு வண்டிகூட அவுட்டரைத் தாண்டி நிக்கல. ஒழுங்கா ஓடுத எடத்துல கம்பம் எதுக்குன்னு கேட்டு எழுதிட்டாங்க."

இருளம்மாளுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. ஒரு வருஷமாக வண்டி ஒழுங்காக ஓடியது அவள் கையால். கம்பம் வராமல் போனதும் அதே கையால். வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் நின்றதெல்லாம், அந்த வளைவு நல்ல வளைவுதான் என்று கம்பெனிக்குப் பொய் சாட்சி சொல்லத்தானா? ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"நல்லாருக்கே! அப்ப நாந்தான் இம்புட்டு நாளும் குறுக்க நின்னுருக்கேன்."

"நான் என்ன செய்ய? என்னால ஆனமட்டும் எழுதிட்டேன்."

"ஒரு தடவ எழுதிட்டு ஓஞ்சிட்டீங்களாக்கும். எங்கையி தளந்து போச்சுன்னு ஊரக் கூட்டிக் காட்டுனீங்களே, ஒங்க கையி மட்டும் என்னவாம்?"

வெளியே நின்ற சின்னக்கருப்பன், போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டான். வேதசிரோமணியின் முகம் சிவந்தது. எழுந்துவிடுவார் போலிருந்தது, எழவில்லை.

"மறுபடியும் எழுதுங்க," என்றாள் அவள். "நான் சொல்லுதத அப்படியே எழுதுங்க. புளியந்தோப்பு வளைவுல கண்ணு தெரியாது. கேட்டுக்காரி இருளம்மா ஸ்பெஷல மறிச்சா. கம்பம் நடுற வரைக்கும் வார வண்டிய எல்லாம் மறிப்பா. கேட்டப் புடுங்கிட்டா ரோட்டுல நின்னு மறிப்பா. போலீசுல போட்டா வெளிய வந்து மறிப்பா. அதுக்குக் கீழ கைநாட்டு வைக்கேன்."

"இதுல கைநாட்டு வச்சா ஒன்னைய யாராலயும் காப்பாத்த முடியாது."

"என்னையக் காப்பாத்தச் சொல்லி நான் கேக்கல. எழுதுங்க."

அவர் எழுதினார். ஒவ்வொரு வரியாக வாசித்தும் காட்டினார். அவள் கட்டை விரலை மையில் தோய்த்து, காகிதத்தில் அழுத்தி வைத்தாள். தேவைக்கு மேலேயே அழுத்தினாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இரண்டு உத்தரவும் சேர்ந்து வந்தன. புளியந்தோப்பு வளைவுக்கு ரிப்பீட்டர் போட வேண்டியது. கேட்டுக்காரி இருளம்மாளை வேலையை விட்டு நிறுத்தி, வீட்டைக் காலி செய்ய வேண்டியது. கம்பெனிக்கு ரயில் தாமதமாவதுதான் வலிக்கும். வலித்த இடத்தில் மருந்தும் போட்டுக்கொண்டது, முள்ளையும் பிடுங்கிப் போட்டது. சின்னக்கருப்பன் அழுதான். அவள் அழவில்லை. "சிவனாண்டி வீட்டுத் தாழ்வாரம் எங்க ஓடிப்போச்சு? ரெண்டு சட்டி கூட வச்சா ஆச்சு," என்றாள். கேட்டுக்குப் புதிதாகச் செல்லக்கனி என்று ஒரு சின்னப்பெண் வந்தாள்.

மேட்டிலேயே கம்பம் நட்டார்கள். உச்சியில் ஒரு கை, அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஒன்று போட்ட தகடு. வேலை முடிந்த அன்றைக்கு இருளம்மாள் பானை சட்டியைக் கட்டிப் பாதையோரம் வைத்துவிட்டு, கம்பத்தைப் பூட்டின பிட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். வேதசிரோமணியும் இருந்தார். ஸ்டேஷனில் கம்பியை இழுக்கிற லீவரை இழுத்தார்கள். கண்மாய்க்கு அப்பால் அவுட்டர் சாய்ந்தது. இங்கே இந்தக் கையும் கூடவே சாய்ந்தது.

"கம்பிய அத்துக் காட்டுங்க," என்றாள் இருளம்மாள்.

"அதெல்லாம் முடியாதும்மா," என்றார் பிட்டர்.

"நான் வீட்ட விட்டுட்டுப் போறேன்யா. இது எப்படிக் கெடும்னு பாத்துட்டுத்தான் போவேன்."

பிட்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வேதசிரோமணி தலையை ஆட்டினார். பிட்டர் குனிந்து கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றி விட்டார். விட்டதுதான் தாமதம், பாரம் கீழே இறங்க, கை 'டங்' என்று மேலே போய் நேராக நின்றது. இருளம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அது ஆடவில்லை. அசையவில்லை. அவளுக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கம்பியை மறுபடி மாட்டிய பிறகு பாசஞ்சர் வந்தது. அவுட்டர் மறித்திருந்தது, மேட்டில் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. செல்லக்கனி கேட்டை மூடிப் பச்சைக் கொடி பிடித்திருந்தாள். இன்ஜின் ஊர்ந்து கேட்டுக்கு வந்தபோது, ஏசுவடியான் பாதையோரத்தில் மூட்டை முடிச்சோடு நின்றவளைப் பார்த்துவிட்டார். பதறிப்போய்ப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "அக்கா! என்னக்கா இது? இனிமே எங்களுக்கு யாருக்கா கை காட்டுவா?" என்று கத்தினார்.

இருளம்மாள் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தா காட்டுதுல்ல! என்னைய எதுக்குய்யா பாக்கீரு? முன்னால பாத்து ஓட்டும்!"